தண்ணி மணி அடிச்சாச்சு, பாத்ரூம் கதவு திறந்திருக்கா?

ஒரு சின்ன வேலை செய்ங்க. இன்னிக்கு சாயங்காலம் உங்க பிள்ளை ஸ்கூல் விட்டு வந்ததும் பையிலேர்ந்து தண்ணி பாட்டிலை எடுத்துத் தூக்கிப் பாருங்க.

கனமா இருக்கா?

காலையில ரொப்பி அனுப்புன தண்ணி முக்கால்வாசி அப்படியே திரும்பி வந்திருந்தா பிள்ளையைத் திட்டாதீங்க. "உங்க ஸ்கூல்ல பாத்ரூம் எப்படி இருக்கு?"ன்னு கேளுங்க. பதில் அங்கதான் இருக்கு.

ஏன் இப்ப இதை எழுதறேன்னா, எங்க தெரு வாட்ஸ்அப் குரூப்ல ஒரு ஃபார்வேர்டு வந்துச்சு. இந்தக் காலத்துப் பிள்ளைங்க தண்ணியே குடிக்கறதில்ல, கூல்டிரிங்ஸ்தான் கேக்குதுங்க, பெத்தவங்க கண்டிக்கறதில்லன்னு நீளமா ஒரு அறிவுரை. படிச்சதும் எனக்கு சுர்ருனு ஏறிடுச்சு. பிள்ளைங்க மேல பழி போடறது ரொம்ப சுலபம். அதுங்க ஏன் குடிக்கலன்னு யாராவது கேட்டீங்களா?

2025 ஜூன் கடைசியில தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்கள்ல "வாட்டர் பெல்" கொண்டுவந்தாங்க. காலையில 11 மணி, மத்தியானம் 1 மணி, 3 மணி. மணி அடிச்சதும் வகுப்புலயே உக்காந்து எல்லாரும் தண்ணி குடிக்கணும். கேரளாவுல 2019லயே இதை ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏற்பாடு. சென்னை வெயிலுக்கு இதைவிட நல்லது என்ன இருக்கு?

ஆனா எங்க பொண்ணு அப்ப சொன்னதைக் கேளுங்க (ஏழாவது படிக்கறா).

"மணி அடிச்சா எல்லாரும் பாட்டிலைத் திறப்போம்மா. மிஸ் பாக்கறப்ப ஒரு வாய் குடிப்போம். அவ்ளோதான். நிறைய குடிச்சா அப்புறம் போகணும்ல?"

போனா என்ன?

"அங்க யாரும்மா போவாங்க. நான் வீட்டுக்கு வந்துதான் போவேன்."

காலையில 8 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புற பிள்ளை சாயங்காலம் நாலரைக்குத்தான் வருது. எட்டு மணி நேரத்துக்கு மேல அடக்கிட்டு உக்காந்திருக்கு. கணக்கும் அறிவியலும் அந்த அடக்கத்தோடதான் படிக்குது. யூரின் இன்ஃபெக்‌ஷன் ஏன் வருதுன்னு எந்த டாக்டரைக் கேட்டாலும் ரெண்டு காரணத்தை முதல்ல சொல்வாங்க: தண்ணி கம்மியா குடிக்கறது, வந்தா அடக்கறது. பொம்பளப் பிள்ளைங்களுக்கு உடம்பு வாகுப்படியே இது சீக்கிரம் வரும். ஸ்கூல்ல "ரெண்டுக்கு" போகவே கூடாதுன்னு பழகிக்கிட்ட சின்னப் பசங்களுக்கு மலச்சிக்கல் வேற. வயித்து வலின்னு லீவு போடற பிள்ளைங்கள்ல எத்தனை பேருக்கு இதுதான் காரணமோ!

நான் எங்க பொண்ணு ஸ்கூல்ல பள்ளி மேலாண்மைக் குழுவுல இருக்கேன் (எஸ்.எம்.சி.ன்னு சொல்வாங்க). வடசென்னைப் பக்கம், எட்டாவது வரைக்கும் இருக்கற நடுநிலைப் பள்ளி. பேர் வேண்டாம். பேரைச் சொன்னா பேச்சு அந்த ஒரு ஸ்கூலைப் பத்தி மட்டும் போயிடும். நான் சொல்ல வர்றது எல்லா ஊர் நகரப் பள்ளிக்கூடத்துக்கும் பொருந்தும்.

சொல்ல வர்றது இதுதான்: நம்ம நாட்டுல பாத்ரூம் கட்டறதுக்குப் பணம் கிடைச்சுடுது. அதைக் கழுவறதுக்குத்தான் கிடைக்கல.

சட்டத்துல குறையே இல்லீங்க. 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட அட்டவணையிலயே ஆண், பெண் பிள்ளைங்களுக்குத் தனித்தனி கழிப்பறை, பாதுகாப்பான குடிதண்ணி ரெண்டும் கட்டாயம்னு இருக்கு. 2012 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலத்துக்கும் ஆறு மாசம் கெடு கொடுத்துச்சு. 2014 ஆகஸ்ட் 15 அன்னிக்கு செங்கோட்டையில பிரதமர் பேசினதுக்கு அப்புறம் "ஸ்வச் வித்யாலயா"ன்னு ஒரு வருஷத்துல நாடு முழுக்கக் கட்டித் தள்ளுனாங்க. இன்னிக்குக் கல்வித்துறைக் கணக்கை எடுத்துப் பாத்தா, கழிப்பறை இருக்கற பள்ளிகள் 90 சதவீதத்துக்கும் மேல.

கேக்க சந்தோஷமாத்தான் இருக்கு. இப்ப உள்ள போய்ப் பாப்போம்.

சி.ஏ.ஜி. (தலைமைத் தணிக்கையாளர்) ஆளுங்க போய்ப் பாத்திருக்காங்க. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் பள்ளிகள்ல கட்டிக் கொடுத்த கழிப்பறைகளை, 15 மாநிலத்துல, 2,695 எண்ணம். அறிக்கை 2020ல வந்துச்சு. கட்டி முடிச்சதுல 30 சதவீதம் பயன்பாட்டுலயே இல்ல. 72 சதவீதத்துல உள்ள குழாய்த் தண்ணி இல்ல. 55 சதவீதத்துல கை கழுவ வசதி இல்ல. ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது கழுவணும்ங்கற விதியை 75 சதவீதத்துல கடைப்பிடிக்கல.

திரும்ப ஒரு தடவை படிங்க. நாலுல மூணு கழிப்பறையை தினம் ஒரு தடவைகூட கழுவல. உங்க வீட்டு பாத்ரூமை நூறு பேர் பயன்படுத்திட்டு மூணு நாள் கழுவாம விட்டா நீங்க உள்ள போவீங்களா?

அப்புறம் பிள்ளை எப்படிப் போகும்?

சரி, எங்க ஸ்கூல் கதைக்கு வர்றேன். எஸ்.எம்.சி. அம்மாக்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து இதைப் பாக்கலாம்னு இறங்கினோம். எச்.எம். மேடம் நல்லவங்க, "நீங்களே வந்து பாருங்கம்மா, நான் சொன்னா யாரும் கேக்க மாட்டேங்கறாங்க"ன்னு சொல்லிட்டாங்க. (பல ஸ்கூல்ல பெத்தவங்களை கேட்டுக்கு உள்ளயே விடறதில்ல. அந்த வகையில நாங்க கொடுத்து வெச்சவங்க.)

முதல்ல இன்டர்வெல் நேரத்துல போய் நின்னோம்.

அங்க ஒரு கணக்கு புரிஞ்சுது. அரசாங்க வழிகாட்டுதல்படி 40 பிள்ளைக்கு ஒரு டாய்லெட், கூடவே யூரினல்கள். நடைமுறையில பெண் பிள்ளைங்க கதவு இருக்கற இடத்தைத்தான் தேடுவாங்க. அதனால கதவை மட்டும் எண்ணுவோம். 300 பெண் பிள்ளைங்க படிக்கற ஸ்கூல்னு வெச்சுக்கோங்க. விதிப்படி 8 கதவு. எட்டும் நல்லா இருக்கு, எட்டுலயும் தண்ணி வருதுன்னே வெச்சுக்குவோம். ஒருத்தி உள்ள போயி, துப்பட்டாவைச் சுத்திக்கிட்டு, நாடாவை அவுத்து, போயிட்டு, தண்ணி ஊத்திட்டு, நாடாவைக் கட்டி வெளிய வர ரெண்டு நிமிஷமாவது ஆகும். இன்டர்வெல் 10 நிமிஷம். ஒரு கதவுக்கு 5 பேர். எட்டு கதவுக்கு 40 பேர்.

மிச்சம் 260 பேர்?

வரிசையில நின்னுட்டு மணி அடிச்சதும் கிளாசுக்கு ஓடுவாங்க. விதி சொல்ற எண்ணிக்கை முழுசா இருந்தே இந்த நிலைமை. ரெண்டு கதவு உடைஞ்சு, ஒண்ணுல அடைப்புன்னா என்ன ஆகும்னு நீங்களே போட்டுப் பாருங்க.

இதுக்கு ஒரு ரூபாய்கூட செலவில்லாத வைத்தியம் இருக்கு. எல்லா வகுப்புக்கும் ஒரே நேரத்துல இன்டர்வெல் விடாதீங்க! ரெண்டு ரெண்டு வகுப்பா, பத்து நிமிஷ இடைவெளியில விடுங்க. டீச்சர்கள் முதல்ல ஒத்துக்கல. "ஒரு கிளாஸ் வெளிய சத்தம் போட்டா இன்னொரு கிளாஸ் பாடம் கெடும்"னாங்க. நியாயமான கவலைதான். விளையாட்டு நேரத்தை எல்லாருக்கும் பொதுவா வெச்சுட்டு, பாத்ரூம் நேரத்தை மட்டும் பிரிச்சு விட்டுப் பாத்தோம். வரிசை பாதிக்குப் பாதி குறைஞ்சுடுச்சு. சத்தம்னு யாரும் புகார் சொல்லல.

இன்னொண்ணு, "மிஸ், பாத்ரூம்"னு கையைத் தூக்குற பிள்ளையை "இன்டர்வெல்ல என்ன பண்ண?"ன்னு கேட்டு உக்கார வைக்கற பழக்கம். டீச்சரைக் கேட்டா, "ஒருத்தி எழுந்தா பத்து பேர் எழுவாங்கம்மா"ங்கறாங்க. அதுக்கும் வழி கிடைச்சுது. கதவுகிட்ட ஆணியில ஒரு அட்டை தொங்கும். அட்டை இருந்தா எடுத்துட்டுப் போகலாம், இல்லன்னா போனவ வர்ற வரைக்கும் இருக்கணும். யாரையும் கேக்க வேண்டாம். ஒரு பன்னெண்டு வயசுப் பொண்ணு நாப்பது பேர் முன்னாடி எழுந்து நின்னு அனுமதி கேக்கணும்ங்கற சங்கடம் போயிடுச்சு பாருங்க, அது பெரிய விஷயம்.

அடுத்து, கதவு.

ஒரு தாழ்ப்பாள் இல்லன்னா ஒரு பாத்ரூம் இல்லன்னு அர்த்தம். இதைப் பெரியவங்க யாரும் கணக்குல எடுக்கறதே இல்ல. அறிக்கையில "கழிப்பறை உள்ளது"ன்னு டிக் விழுந்துடும். உள்ள போற பொண்ணு வெளிய ஒரு சிநேகிதியைக் காவலுக்கு நிறுத்திட்டுப் போவா. சிநேகிதி அன்னிக்கு லீவுன்னா? போக மாட்டா.

நாங்க தாழ்ப்பாள் வாங்கி மாட்டுனோம். கொஞ்ச நாள்ல ஆடிச்சு, அப்புறம் கையோட வந்துடுச்சு. திரும்ப மாட்டுனோம். திரும்ப வந்துடுச்சு. பிள்ளைங்க உடைக்குதுங்கன்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. அப்பதான் பிளம்பர் அண்ணன் ஒருத்தர் வந்து குனிஞ்சு பாத்துட்டு சொன்னார்: "இது பி.வி.சி. கதவு. உள்ள பொந்து. ஸ்க்ரூ எதைப் பிடிக்கும்? இழுக்க இழுக்க ஓட்டை பெருசாகி கழண்டுதான் வரும். இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் ஊடுருவற மாதிரி நட்டு போல்ட்டு போடு, ரெண்டு பக்கமும் வாஷர் வை." போட்டார். இன்னிக்கு வரைக்கும் அசையல. ஒரு கதவுக்கு நூறு ரூபாய்கூட ஆகல. பிள்ளைங்க மேல விழுந்த பழியும் போச்சு.

அதே அண்ணன் இன்னொரு விஷயமும் சொன்னார், இது எல்லா ஸ்கூலும் தெரிஞ்சுக்கணும். மேல்டேங்க்குலேர்ந்து வர்ற மொத்த லைனுக்கும் ஒரே ஒரு வால்வு வெச்சிருப்பாங்க. ஒரு பைப் உடைஞ்சு தண்ணி கொட்டுதுன்னா அந்த வால்வை மூடணும். மூடுனா மொத்த பாத்ரூமும் வறண்டுடும். ரிப்பேருக்கு ஆள் வர்ற வரைக்கும் அப்படியே கிடக்கும். ரெண்டு மூணு பைப்புக்கு ஒரு தனி வால்வு வெச்சா உடைஞ்சதை மட்டும் மூடிட்டு மத்ததை ஓட்டலாம். கட்டும்போதே செஞ்சா செலவு ரொம்பக் கம்மி. ஆனா கட்டறவங்களுக்கு அது தோணாது, ஏன்னா திறப்பு விழா முடிஞ்சதும் அவங்க வேலை முடிஞ்சுது.

கதவுக்கு உள்ள இன்னும் என்னவெல்லாம் வேணும்னு நாங்க எட்டாம் வகுப்புப் பொண்ணுங்களையே கேட்டோம். சொன்னது: துப்பட்டா மாட்ட ஒரு கொக்கி. ஒரு லைட். சங்கிலி போட்டுக் கட்டுன மக். மூடியோட ஒரு குப்பைத்தொட்டி. ஒண்ணாவது படிக்கற குட்டிப் பொண்ணு ஒருத்தி பக்கத்துல நின்னு கேட்டுட்டு, "எனக்கு பைப் எட்டலை"ன்னா. எங்க யாருக்கும் தோணாத விஷயம். பெரியவங்க உயரத்துக்குப் பைப் வெச்சுட்டு, சின்னப் பிள்ளைங்க தண்ணியே ஊத்தறதில்லன்னு குறை சொல்லிட்டிருந்திருக்கோம் எல்லாரும்.

தண்ணிக்கு வருவோம்.

பகல் நேரப் பள்ளிக்கு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 45 லிட்டர்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. 600 பிள்ளைங்கன்னா 27,000 லிட்டர். 9,000 லிட்டர் லாரியில மூணு லாரி. தினமும்! 2019 கோடையை நினைச்சுப் பாருங்க. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு கிடந்தப்ப, இங்க சில தனியார் பள்ளிகள் வகுப்பு நேரத்தையே குறைச்சாங்க. தண்ணி இல்லாத ஸ்கூல்ல முதல்ல சாகறது பாத்ரூம்தான். குடிக்கறதுக்குக் கேன் வாங்கிடலாம். ஃப்ளஷ் பண்ண யார் கேன் வாங்குவாங்க?

அதனால ஒரு ஸ்கூலுக்குத் தண்ணி எங்கேர்ந்து வருது, சம்ப்பு எவ்ளோ கொள்ளும், மழைத்தண்ணி சேகரிப்புக் குழி தூர்ந்து போயிருக்கா (2003லேர்ந்து தமிழ்நாட்டுல கட்டாயம், நிறைய இடத்துல குழி மேல சிமெண்ட் பூசி மறந்தே போயிட்டாங்க), இதெல்லாம் பெத்தவங்க போய்ப் பாக்க வேண்டிய சமாச்சாரம்.

குடிக்கற தண்ணிக்கு ஒரு எளிய சோதனை இருக்கு. குளோரோஸ்கோப்னு ஒரு சின்னப் பெட்டி. சுகாதார ஆய்வாளர்கள் கையில இருக்கும். கண்ணாடிக் குழாயில குறி வரைக்கும் தண்ணி பிடிச்சு, மருந்து சில சொட்டு விட்டா மஞ்சளா மாறும். பக்கத்துல இருக்கற வண்ண அட்டையோட ஒத்துப் பாக்கணும். குழாய்முனையில ஒரு லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்கணும். (சோதிச்ச தண்ணியைக் கீழ ஊத்திடணும், குடிக்கக் கூடாது.) எங்க ஸ்கூல்ல பாத்தப்ப நிறமே மாறல. வர்ற தண்ணியில குளோரின் இருக்கு, சம்ப்புல நாள்கணக்கா தேங்கி நின்னதுல அது ஆவியாப் போயிடுச்சு. சம்ப்பைக் கழுவி எத்தனை காலமாச்சுன்னு யாருக்கும் நினைவில்ல. கழுவுனதும் மறுபடி பாத்தோம். வெளிர் மஞ்சள் வந்துச்சு. எங்களோட நின்னு பாத்த பசங்க கைதட்டினாங்க!

கோடை லீவு முடிஞ்சு ஜூன்ல ஸ்கூல் திறக்கறதுக்கு முன்னாடி சம்ப்பையும் மேல்டேங்க்கையும் கழுவியாச்சான்னு கேக்க ஒரு போன் போதும். பண்ணுங்க.

அப்புறம் ஆர்.ஓ. மெஷின். நிறைய ஸ்கூல் வராண்டாவுல நன்கொடையாளர் பேர் எழுதுன ஒரு மெஷின் துணி போத்தி நிக்கும். ஃபில்ட்டர் மாத்தக் காசு இல்ல, அதனால ஓடல. கொடுக்கறவங்க தயவுசெஞ்சு மெஷினோட அஞ்சு வருஷப் பராமரிப்புக்கும் சேர்த்துக் கொடுங்க. முடியலன்னா மெஷின் வேண்டாம், சம்ப்பைக் கழுவிக் கொடுங்க. அதுவே பெரிய புண்ணியம்.

இப்ப சோப்பு. இதுலதான் நாங்க நிறைய செஞ்சு பாத்தோம்.

ஒண்ணாவதுலேர்ந்து அஞ்சாவது வரைக்கும் காலை உணவுத் திட்டம் இருக்கு (2022 செப்டம்பர் 15ல மதுரையில தொடங்கி வெச்சது). உப்புமா, கிச்சடி, பொங்கல்னு சூடா போடறாங்க. பிள்ளைங்க கையாலதான் சாப்பிடும். அந்தக் கைக்கு சோப்பு வேணுமா இல்லையா? வருஷத்துக்கு ரெண்டு தடவை, பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10ன்னு குடல்புழு நீக்க நாள் வெச்சு அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கறாங்க. நல்ல வேலை. ஆனா மாத்திரை உள்ள இருக்கற புழுவை வெளிய அனுப்பும். திரும்ப உள்ள வராம பாத்துக்கறது சோப்புதான்.

முதல்ல கட்டி சோப்பு வெச்சோம். ஈரத்துல கரைஞ்சு, கீழ விழுந்து, மண் ஒட்டி, யாரும் தொடல. மிச்சத்தைக் காக்கா தூக்கிட்டுப் போச்சு. (நிஜம்மா! காக்காவுக்கு சோப்புன்னா அவ்ளோ ஆசை.) அடுத்து சோப்பை வலைப்பையில போட்டுக் குழாய்ல கட்டுனோம். காக்கா தோத்துச்சு, ஆனா கட்டுன இடத்துலயே கூட்டம் கூடிச்சு. அப்புறம் திரவ சோப்பு. காலையில வெச்சா மத்தியானம் காலி, பசங்க நுரை விட்டு விளையாடிட்டாங்க. கடைசியில நின்னது ரொம்ப எளிசான ஒண்ணு. காலி தண்ணி பாட்டில்ல ஒன்றரை லிட்டர் தண்ணி, அதுல சுமார் 30 கிராம் துணி துவைக்கற பவுடர், நல்லா குலுக்கி, மூடியில ஆணியால ஒரு ஓட்டை. அமுக்கினா கொஞ்சமாத்தான் வரும். விலை மலிவு, திருடவும் யாருக்கும் தோணாது. ஆப்பிரிக்க நாடுகள்ல பல பள்ளிகள்ல இப்படித்தான் பண்றாங்க.

வரிசைக்கு, நீளமா ஒரு பி.வி.சி. பைப்பை சுவரோரமா படுக்க வெச்சு வரிசையா ஓட்டை போட்டோம். ஒரு வால்வைத் திறந்தா ஒரே நேரத்துல ஒரு வகுப்பே கை கழுவுது. பிலிப்பைன்ஸ்ல "ஃபிட் ஃபார் ஸ்கூல்"னு ஒரு திட்டம், தினமும் எல்லாரும் ஒண்ணா நின்னு கை கழுவி, ஒண்ணா பல் தேய்ப்பாங்க. அங்கேர்ந்து எடுத்துக்கிட்டது. பசங்களுக்கு இது விளையாட்டு மாதிரி. ஒருத்தன் விட்டுட்டா பக்கத்துல இருக்கறவனே, "டேய், விரல் இடுக்குல தேய்க்கல"ங்கறான்.

பாட்டில் ரொப்பறது எட்டாம் வகுப்பு "சுகாதார மந்திரிகள்" வேலை. ஆனா ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். சோப்புத் தண்ணி ரொப்பலாம், பைப்பை மூடலாம், தொட்டி நிறைஞ்சா சொல்லலாம். கழிப்பறையைக் கழுவச் சொல்லி எந்தப் பிள்ளையையும் அனுப்பக் கூடாது. 2022 கடைசியில ஈரோடு மாவட்டத்துல பட்டியலினப் பிள்ளைங்களைக் கழுவ வெச்சதா வழக்கே வந்துச்சு. "எல்லாரும் சேர்ந்து சுத்தம் பண்ணலாம்"னு நல்ல மனசோட ஆரம்பிச்சாலும் நம்ம ஊர்ல அந்தத் துடைப்பம் கடைசியில எந்தப் பிள்ளை கைக்குப் போகும்னு நமக்குத் தெரியும். வேண்டவே வேண்டாம்.

மாதவிடாய் நாளைப் பத்தி சொல்லாம விட முடியாது. தமிழ்நாட்டுல அரசே நாப்கின் இலவசமா கொடுக்குது, பத்து வருஷத்துக்கும் மேல. ஆனா மாத்தறதுக்கு ஒரு இடம் வேணும்ல? தாழ்ப்பாள், தண்ணி, மூடின தொட்டி இது மூணும் இல்லன்னா கையில நாப்கின் இருந்தும் பொண்ணு அன்னிக்கு ஸ்கூலுக்கு வராது. சில இடத்துல எரியூட்டி மெஷின் வாங்கி மாட்டிடறாங்க. பிளக் பாயிண்ட் இருக்காது, இல்லன்னா இயக்கத் தெரிஞ்சவங்க இருக்க மாட்டாங்க. நாங்க மூடி போட்ட தொட்டியும், பக்கத்துல பழைய பேப்பர் கட்டும் வெச்சோம். தினம் சாயங்காலம் தொட்டி வெளிய போயிடணும். தினம்! இந்தத் "தினம்"தான் எல்லாத்துக்கும் உயிர்.

அந்தத் தினத்தைச் சுமக்கறவங்க யாரு? எங்க ஸ்கூல் தூய்மைப் பணியாளர் அக்கா. ஒரே ஆள். பகுதி நேரம். காலையில ஒரு தடவை கழுவிட்டு, வகுப்பறை, வராண்டான்னு போயிடுவாங்க. காலையில கழுவுனது இன்டர்வெல்லோட முடிஞ்சுது. சாப்பாட்டு இடைவேளைக்கு அப்புறம் அந்தப் பக்கம் போக முடியாது. அக்காகிட்ட கேட்டப்ப, "எனக்குத் தெரியாதாம்மா, ரெண்டாவது தடவை கழுவணும்னு? நேரத்தைக் குடு, கையுறையைக் குடு"ன்னாங்க.

அவங்களுக்குக் கொடுத்திருந்தது கைப்பிடி உடைஞ்ச பிரஷ்ஷும் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும். (முக்கியம்: ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் எக்காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலைப் பதம் பாத்துடும். மூடுன பாத்ரூம்ல ரொம்ப ஆபத்து. வீட்டுலயும்தான்.)

சரி, காசு எவ்ளோ வருதுன்னு பாத்தோம். சமக்ர சிக்‌ஷா திட்டத்துல பள்ளி மானியம்னு ஒண்ணு உண்டு. 251லேர்ந்து 1,000 பிள்ளைங்க வரைக்கும் இருக்கற பள்ளிக்கு வருஷத்துக்கு 75,000 ரூபாய். அதுல குறைஞ்சது 10 சதவீதம் சுகாதாரத்துக்குச் செலவு பண்ணணும். 7,500 ரூபாய். மாசத்துக்கு 625.

600 பிள்ளைங்க படிக்கற ஸ்கூல்ல, பிள்ளைக்கு மாசம் ஒரு ரூபா சொச்சம்.

10 சதவீதம் குறைஞ்சபட்சம்தான், கூட செலவு பண்ணலாம். ஆனா மிச்சப் பணத்துல சாக்பீஸ், கரண்ட் சாமான், ரிப்பேர் எல்லாம் நிக்குதே. (மத்திய அரசோட பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்துல சேராத விவகாரத்துல 2024-25ல தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சமக்ர சிக்‌ஷா பணமே நின்னு போனது வேற.) லட்சக்கணக்குல கட்டடம், மாசம் 625 ரூபாய்க்குப் பராமரிப்பு. எந்த பாத்ரூம் தாங்கும்?

இதுக்குத்தான் எஸ்.எம்.சி.யைப் பிடிங்கன்னு சொல்றேன். சட்டப்படி அதுல நாலுல மூணு பங்கு பெத்தவங்க, பாதி பெண்கள். தீர்மானம் போட்டா மேலதிகாரிங்க பதில் சொல்லியாகணும், வாய்ல சொல்றதுக்கும் நோட்டுல எழுதறதுக்கும் அவ்ளோ வித்தியாசம். நாங்க ரெண்டாவது தடவை கழுவ இன்னொரு பகுதி நேர ஆள் வேணும்னு தீர்மானம் போட்டோம். இழுத்தடிச்சாங்க. ஒவ்வொரு கூட்டத்துலயும் அதையே முதல் தீர்மானமா திரும்பத் திரும்ப எழுதினோம். கடைசியில ஆள் வந்தாங்க. அக்காவுக்கு நீளக் கைப்பிடி பிரஷ், பூட்ஸ், கையுறையும் வந்துச்சு.

இப்ப சாப்பாட்டுக்கு அப்புறமும் கழுவறாங்க. கதவுக்குப் பின்னால ஒரு தாள்ல நேரம் எழுதிக் கையெழுத்து. எங்க பொண்ணு செட்டு இப்ப அங்க போகுதுங்க. எல்லா நாளும் நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டேன். தண்ணி வராத நாள் இன்னமும் இருக்கு. ஆனா "அங்க யாரு போவாங்க"ங்கற பேச்சு நின்னுடுச்சு.

உங்க பிள்ளை தனியார் ஸ்கூல்ல படிச்சாலும் இதெல்லாம் கேளுங்க. லட்ச ரூபாய் ஃபீஸ் வாங்கற இடத்துலயும் மத்தியானத்துக்கு மேல பாத்ரூம் போக முடியலன்னு சொல்ற பிள்ளைங்க இருக்காங்க. ஏ.சி. கிளாஸ் ரூமைக் காட்டி அட்மிஷன் போடறாங்க, பாத்ரூமை யாரும் சுத்திக் காட்டறதில்ல. நீங்க கேட்டுப் பாருங்க, அதுவும் ரெண்டு மணிக்கு மேல.

அடுத்த பெற்றோர் கூட்டத்துல இந்த மூணைக் கேளுங்க. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுவறீங்க? கழுவறவங்க எத்தனை பேர், அவங்களுக்கு என்ன சம்பளம்? சோப்புக்கும் பினாயிலுக்கும் மாசம் எவ்ளோ ஒதுக்கறீங்க? பதிலை நோட்டுல எழுதச் சொல்லுங்க. எம்.எல்.ஏ., கவுன்சிலர்னு யார் வந்து "ஸ்கூலுக்கு என்ன வேணும்?"னு கேட்டாலும், புதுக் கட்டடம்னு சொல்றதுக்கு முன்னாடி, இருக்கற கட்டடத்தைத் தினமும் ரெண்டு தடவை கழுவ ஒரு ஆளும், அவங்களுக்கு முழுச் சம்பளமும், மாசாமாசம் வர்ற காசும் கேளுங்க. அதுல கல்வெட்டு வைக்க முடியாது, ரிப்பன் வெட்ட முடியாது. அதனாலதான் யாரும் தானா கொடுக்க மாட்டாங்க, நாம கேட்டு வாங்கணும்.